கேட்பதற்கு ஒரு வழி

மூன்று வயதில் என் மகனுக்குத் தாகம் எடுத்தால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் ஃப்ரிட்ஜ் கதவில் என் கையை வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும், இவங்கப்பனே நாலு வயசுலதான் பேசினான்" என்பார் மாமியார். அந்த ஆறுதலிலேயே ஒரு வருஷம் போய்விட்டது. உங்கள் பிள்ளை ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, வந்த சொற்கள் மறைந்துபோகின்றன என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்களில் இதற்குக் காசு வாங்குவதில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் (NIEPMD) நிறுவனமும் இருக்கிறது.

என் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தபின், தெரபி வாரத்துக்கு மூன்று நாள், முக்கால் மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் வீட்டில்தான். அதற்காக வீட்டையே தெரபி சென்டராக்கிப் பிள்ளையைப் படுத்த வேண்டியதில்லை. நானும் முதலில் அதைத்தான் செய்தேன்.

அவன் குடிக்கிற எவர்சில்வர் டம்ளரை போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து ஃப்ரிட்ஜில் வெல்க்ரோவால் ஒட்டினோம். என்னை இழுத்துக்கொண்டு வந்தால் அந்த அட்டையை அவன் கையில் கொடுத்து, என் உள்ளங்கையில் வைக்கச் செய்வார் என் கணவர். வைத்த நொடியே "தண்ணி" என்று ஒரே ஒரு சொல், உடனே தண்ணீர். "என்ன வேணும், சொல்லு சொல்லு" என்ற நச்சரிப்பு கிடையாது. மூன்றாம் வாரம் ஒரு நாள் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அட்டையை அவனே பிய்த்துக்கொண்டு வந்து நீட்டினான். படம் காட்டிப் பழக்கினால் பேச்சே வராது என்று பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சுக்கு அதுவே படியாகிறது. தண்ணீருக்கு அடுத்து நாங்கள் செய்தது "வேண்டாம்" அட்டை. அதை மறந்துவிடுகிற வீடுகள் உண்டு.

மிக்ஸி போடுவதற்கு முன் அவனிடம் சொல்லிவிட்டு மூன்று எண்ணுவேன். காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவான். கையை உதறுவதை நாங்கள் தடுப்பதில்லை, யாருக்கும் அதனால் நஷ்டமில்லை. அடம் என்றால் கேட்டது கிடைத்ததும் நின்றுவிடும். சத்தமும் கூட்டமும் தாங்காமல் வெடிக்கிற அழுகை அப்படி நிற்காது; அப்போது விளக்கைக் குறைத்து, பேச்சையும் குறைத்துப் பக்கத்தில் இருந்தால் போதும். கதவுக்கு மேல்தாழ்ப்பாள் கட்டாயம். சொல்லாமல் வெளியேறி கிணறு, குளம் பக்கம் போய்விடும் பிள்ளைகள் உண்டு.

'முழுசா குணமாக்கித் தருகிறோம்' என்பவர்களிடம் லட்சங்களைக் கொடுக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உடலிலிருந்து உலோகத்தை எடுப்பதாகச் சொல்லும் கீலேஷனில் குழந்தை இறந்தே போயிருக்கிறது. ஆட்டிசம் தடுப்பூசியால் வருகிறது என்ற வதந்தியைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அந்தப் பிள்ளையின் உரிமை. "மத்தப் பிள்ளைங்களுக்குத் தொந்தரவு" என்று ஒரு பள்ளியில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். "எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டதும் குரல் இறங்கியது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு காட்டிச் சேர்க்க மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். சான்றிதழ் கையில் இருந்தால் நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டிலும் சேரலாம், வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு.

பிள்ளைக்கு 18 வயது முடிந்தால் பெற்றோரான நாம் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டோம். தேவைப்பட்டால் கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் மனுப் போட்டு அந்த உரிமையை வாங்க வேண்டும். என் மகனுக்கு இப்போது ஒன்பது. அந்த மனுவுக்கான ஃபைல் பீரோவில் இருக்கிறது. அதன்மேலும் ஒரு அட்டை ஒட்டி வைத்திருக்கிறான், டம்ளர் படம்.