கையில் அளந்தால் தெரியாத இரத்த அழுத்தம்

மாணவர்களே, கோப்பெங்கில் ஈயச் சுரங்கங்கள் இயங்கிய காலத்தில், மலையிலிருந்து இரும்புக் குழாய்களில் தண்ணீரைக் கொண்டுவந்து, பீய்ச்சியடித்து மண்மேடுகளைக் கரைத்தார்கள். குழாயின் அழுத்தத்தை அந்தப் பீய்ச்சலே காட்டிவிடும். நம் நெஞ்சுக்குள் உள்ள ஒரு குழாயின் அழுத்தமோ எளிதில் வெளியே தெரியாது.

இதயத்தின் வலது பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அந்தத் தமனியில் சராசரி அழுத்தம் சுமார் 14 மில்லிமீட்டர் பாதரசம். ஓய்வாக இருக்கும்போதே அது 20-ஐத் தாண்டினால் நுரையீரல் இரத்த அழுத்த நோய். கையில் பட்டை கட்டி அளப்பது இடது பக்கம் அனுப்பும் இரத்தத்தின் அழுத்தம். அது சரியாக இருந்தும் நுரையீரலில் அழுத்தம் ஏறியிருக்கலாம்.

படி ஏறினால் மூச்சு வாங்கும்; களைப்பு, மயக்கம், கால் வீக்கம் வரும். 'ஆஸ்துமாதான்', 'உடம்பில் தெம்பில்லை' என்று நாள் கடத்தினால் வலது இதயம் தளர்ந்துவிடும்.

இங்கேதான் இரத்தப் பரிசோதனை உதவுகிறது. பாரம் தாங்காமல் விரியும் இதயத் தசை 'பிஎன்பி' என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். 1988-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை முதலில் பன்றியின் மூளையில் கண்டதால், பெயரின் முதலெழுத்து மூளையைக் குறிக்கிறது. இதை முக்கியமாகச் சுரப்பது இதயமே என்பது பிறகு தெரிந்தது.

பிஎன்பி கூடினால் இதயம் திணறுகிறது என்று பொருள். ஏன் என்று அது சொல்லாது. தைராய்டு கோளாறு, தாலசீமியா போன்ற காரணங்களை வேறு இரத்தப் பரிசோதனைகள் தேடும். இதய ஸ்கேன் சந்தேகத்தை வலுப்படுத்தும். சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்த பிறகே நோய் உறுதியாகும்.

வீட்டில் யாருக்காவது காரணமின்றி மூச்சு வாங்கினால், "பிரஷர் சரியாகத்தானே இருக்கிறது" என்று இருந்துவிடாதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.