கஞ்சியோடு ஒன்று

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது அந்த ஆரம்ப சுகாதார நிலையம். 1992இல் ஹவுஸ் சர்ஜனாகக் கிராமப் பணிக்கு அங்கே போனேன். இப்போது சமூக மருத்துவத் துறை ஆசிரியராக, பயிற்சி மருத்துவர்களைக் கூட்டிக்கொண்டு மாதம் இரண்டு முறை போகிறேன். அன்றைய ஓட்டுக் கட்டடம் இல்லை. வாசல் வேப்பமரம் மட்டும் அதேதான்.

சில மாதங்களுக்கு முன் அவர்களில் ஒரு பையன் என்னிடம் சொன்னான்: “மேடம், இங்க பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை. வர்றவங்க எல்லாம் சுகர், பிரஷர். போன மாசம் எழுதின மாத்திரையையே திருப்பி எழுதறோம். இதுல என்ன கத்துக்கிறது?”

அவன் சோம்பேறி இல்லை. காலை எட்டு மணிக்கு முன்பே வந்து உட்காருகிறவன். அவனுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் என் நாட்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும் பருவம். இரவு பத்து மணி இருக்கும். சைக்கிள் பின்சீட்டில் ஒரு தாய், அவள் மடியில் ஒன்றரை வயதுப் பையன். காலையிலிருந்து பேதி. கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் இழுத்து விட்டேன். கசங்கிய துணி மாதிரி அப்படியே நின்றது. கரண்ட் இல்லை. அந்தத் தகப்பன் டார்ச் பிடிக்க, கையில் நரம்பு தேடினேன், கிடைக்கவில்லை. மறு கையிலும் இல்லை. என் விரல் நடுங்குவதைப் பார்த்த நர்சம்மா ஒன்றும் சொல்லாமல் குழந்தையின் பாதத்தைத் திருப்பி, கட்டைவிரலால் தடவி, “இங்க இருக்கு டாக்டர், குத்துங்க” என்றார். இருந்தது. டிரிப் இறங்க ஆரம்பித்தது. நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். விடியப்போகும் நேரம் அந்தத் தாய் கத்தினாள்: “ஒண்ணுக்குப் போயிட்டான் டாக்டரம்மா!” அவள் சேலையெல்லாம் ஈரம். நாங்கள் நான்கு பேரும் அந்த ஈரத்தைப் பார்த்துச் சிரித்தோம்.

அப்போதெல்லாம் வந்தவை முடிகிற வியாதிகள். பேதி, சீழ்க்கட்டி, அரிவாள் வெட்டு, பாம்புக்கடி, வீட்டில் மருத்துவச்சி பார்த்துச் சிக்கலான பிரசவம். ஒன்று பிழைப்பார்கள், இல்லையென்றால் நம் கண் முன்னாலேயே போய்விடுவார்கள். எதுவானாலும் விடிவதற்குள் தெரிந்துவிடும். நான் செய்தது சரியா தவறா என்று அந்த நோயாளியின் உடம்பே எனக்குச் சொல்லிவிடும்.

கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. கண்ணாடி சிரிஞ்சும் ஊசியும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கொதித்துக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து காலி பாட்டில் கொண்டு வருகிறவர்களுக்குக் கம்பவுண்டர் ரோஸ் நிறத் தண்ணி மருந்தை ஊற்றிக் கொடுப்பார். காலாண்டு முடியும் சமயத்தில் மாத்திரை டப்பாக்கள் அடி தெரிய ஆரம்பிக்கும். வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுப்போம், வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தே. சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சொட்டுவிட்டுக் காய்ச்சுவோம். நீலம் பச்சையாகும், மஞ்சளாகும், செங்கல் நிறம் வந்தால் மோசம். அந்த நிறத்தை நான் அங்கே இருந்த நாட்களில் ஒரே ஒருவரிடம் பார்த்தேன். அவர் மிராசுதார். சர்க்கரை என்றால் பணக்கார வியாதி என்றுதான் நாங்களும் நம்பியிருந்தோம்.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது. மருந்தை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் போட்டு, கணக்கு வைத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். இதைப் பற்றி யாரும் கவிதை எழுதவில்லை. ஆனால் காலி டப்பாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்த மாநிலத்தில் நடந்த பெரிய நல்ல காரியங்களில் அது ஒன்று. மூன்று செவிலியர்கள் முறை போட்டு இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கும்படி ஆனது. 2008இல் 108 வண்டி வந்தது. பேதிக்குக் காரணமான ரோட்டா வைரஸுக்கு 2017இலிருந்து சொட்டு மருந்து. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. மொத்தப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதனால் பலரும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் பிரசவ அறை சுத்தமாக, எல்லா வசதியோடும், பல நாட்கள் ஆளில்லாமல் இருக்கிறது.

ஆக, அந்தப் பையன் சொன்னது பாதி உண்மை. நான் பார்த்தவை அங்கே இல்லை. அவை இல்லாமல் போனதுதான் நாங்கள் ஆசைப்பட்டதும். மிச்சம் இருப்பவை முடியாத வியாதிகள். அவற்றுக்கு வைத்தியம் பார்க்க என் தலைமுறைக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நரம்பு தேடிய கைக்கு இங்கே வேலை இல்லை.

அன்றைக்கே அவனை மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரோடு தெருவுக்குள் அனுப்பினேன். 2021இல் தொடங்கிய திட்டம் அது. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நானும் பின்னால் போனேன்.

மூன்றாவது வீடு. அறுபது தாண்டிய ஒரு பாட்டி. சுகர் 284. முந்தைய மாதமும் ஏறக்குறைய அதேதான். இவனே முந்தைய வாரம் அவருக்கு மாத்திரையைக் கூட்டி எழுதியிருந்தான். “மாத்திரையைக் காட்டுங்க பாட்டி” என்றான். பாட்டி உள்ளே போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தார். கழுத்து வரைக்கும் மாத்திரை. காலை மாத்திரைகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

அவன் முகம் சிவந்தது. திட்டப்போகிறான் என்று நினைத்தேன். பாட்டில் மேலேயே கண்ணை வைத்திருந்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து கேட்டான்: “காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க பாட்டி?”

“ஏழு மணிக்கு டீத்தண்ணி குடிச்சிட்டு நூறு நாள் வேலைக்குப் போயிருவேன் தம்பி. கஞ்சி பத்தரை மணிக்குத்தான். ஒரு நாள் மாத்திரையைப் போட்டுட்டுப் போயி, மம்புட்டியோட வாய்க்கால்ல சாஞ்சிட்டேன். படபடன்னு வேர்த்துக் கொட்டிருச்சு. அப்புறம் காலையில தொடறதே இல்ல.”

சீட்டில் நாங்கள் எழுதியது ‘காலை 1’. எங்கள் காலையும் அவர் காலையும் வேறு வேறு என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. என் பேதிக் குழந்தை அன்று ராத்திரியே எனக்குப் பதில் சொன்னான். இந்தப் பாட்டி பல மாதமாகப் பதிலை ஒரு பாட்டிலில் சேர்த்து வைத்திருந்தார். கேட்க ஆள் போகவில்லை.

மருத்துவ அலுவலரிடம் பேசி, அளவைப் பழையபடி குறைத்து, அவருடைய நோட்டில் அவன் தன் கையால் பெரிய எழுத்தில் எழுதினான்: ‘வெறும் வயிற்றில் வேண்டாம். கஞ்சியோடு ஒன்று.’ பாட்டிக்குப் படிக்க வராது. இரண்டு முறை வாசித்துக் காட்டினான். தூக்குவாளி மூடிக்குள் ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து வைக்கும் யோசனை தன்னார்வலருடையது.

அடுத்த வாரமே அவன் கிராமப் பணி முடிந்து அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டான். இதுதான் இப்போதைய பயிற்சியில் எனக்குள்ள வருத்தம். விளைச்சல் வருவதற்குள் விதைத்தவனை அனுப்பிவிடுகிறோம்.

போன புதன்கிழமை பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். நோட்டில் அவன் எழுத்துக்குக் கீழே இரண்டு எண்கள்: 231, 198. நல்ல அளவு என்று சொல்ல முடியாது. பாட்டிலில் பாதி இறங்கியிருந்தது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது.

“மேடம், சாயங்கால மாத்திரையை எத்தனை மணிக்குப் போடறாங்கன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும்.