எந்த வேலை முந்தி? எந்த வேலை பிந்தி?

"நேரமே போதவில்லை!"

இப்படிச் சொல்லாத வீடு உண்டா? பகலெல்லாம் ஓடியாடி உழைக்கிறோம். இரவு படுக்கும்போது முக்கியமான வேலை ஒன்று அப்படியே கிடக்கிறது.

இதற்கு என்ன வழி? தஞ்சை உழவரைக் கேளுங்கள்.

ஜூன் 12

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதில் போதிய தண்ணீர் இருந்தால், ஜூன் 12-ந் தேதி பாசனத்துக்குத் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28-ந் தேதிதான் திறக்க முடிந்தது.

தண்ணீர் வரும் நாள் உழவர் கையில் இல்லை. வந்த தண்ணீரை எதற்குப் பயன்படுத்துவது என்பது அவர் கையில் இருக்கிறது.

குறுவை நெல்லுக்கு வயது சுமார் 110 நாள். ஐப்பசியில் அடைமழை பிடிக்கும். ஜூன் நடுவில் விதைத்தால் மழைக்கு முன் நெல் களத்துக்கு வந்துவிடும். ஒரு மாதம் பிந்தினால் அறுவடையும் மழையும் ஒன்றாக வரும். நெல் நனையும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது கொள்முதல் விதி. பிறகு நெல்லைக் கொட்டிவைத்துக் காத்துக் கிடக்க வேண்டியதுதான்!

ஆகவே அவர் மழைக்காலத்திலிருந்து பின்னோக்கி நாளை எண்ணுகிறார். தண்ணீர் தாமதமானால், ஆழ்துளைக் கிணறு இல்லாதவர்கள் பலர் குறுவையை விட்டுவிடுகிறார்கள். சம்பாவுக்குத் தயாராகிறார்கள். இரண்டையும் பிடிக்கப் போய் இரண்டையும் கெடுத்துக்கொள்வதில்லை.

வரப்பை நாளை வெட்டலாம். நாற்று காத்திருக்காது. முற்றிய நாற்றை நட்டால் விளைச்சல் குறையும்.

உங்கள் வீட்டில்...

வீட்டிலும் இப்படி நாற்று உண்டு. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் உண்டு. பாட்டியின் கண் வைத்தியத்துக்குத் தேதி எதுவும் கிடையாது. அதனால்தான் அது தள்ளிக்கொண்டே போகிறது. கண் பார்வையோ மங்கிக்கொண்டே போகிறது!

இன்று இரவு ஒரு தாளை எடுங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்.

1. தள்ளிப்போட்டால் கெட்டுப்போகும் வேலை எது? அதை நாளைக் காலையில் முதலில் செய்யுங்கள்.

2. வேறொருவர் செய்யக்கூடிய வேலை எது? கடைக்குப் போக மகன் இருக்கிறான். எல்லாவற்றையும் அம்மா தலையில் சுமத்தாதீர்கள்.

3. இந்த வாரம் விட்டுவிடக்கூடிய வேலை எது? தயங்காமல் அடித்துவிடுங்கள்.

தேதி இல்லாத வேலைக்கு நீங்களே ஒரு தேதி போடுங்கள். பாட்டியை எந்தக் கிழமை கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது? அதை இன்றே எழுதிவிடுங்கள்.