ட்யூப் கையோட வந்துடுச்சா? பதறாதீங்க, திரும்பச் சொருகாதீங்க!

பக்கவாதம் வந்த தாத்தாவால் விழுங்க முடியவில்லை. ஃபீடிங் ட்யூப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அவரே அதை இழுத்துவிட்டார். முழிச்சிருக்கிறது நீங்க மட்டும்தான். என்ன செய்வீங்க?

முதலில், அது எந்த ட்யூப் என்று பாருங்கள்.

மூக்கு வழியாக இரைப்பைக்குப் போவது ரைல்ஸ் ட்யூப். அது பாதி வெளியே வந்திருந்தாலும் உள்ளே தள்ளாதீர்கள். நுனி மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தால், அடுத்து ஊற்றும் கஞ்சி நுரையீரலுக்குத்தான் போகும். உணவை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கூப்பிடுங்கள்.

வயிற்றில் சிறு துளை போட்டு நேராக இரைப்பைக்குள் வைப்பது பெக் ட்யூப். இங்கே கேள்வி ஒன்றுதான்: போட்டு எத்தனை நாள் ஆச்சு? வயிற்றுச் சுவரும் இரைப்பையும் ஒட்டி, நடுவில் உறுதியான பாதை உருவாகச் சுமார் 4 வாரம் ஆகும். அதற்கு முன் ட்யூப் வந்துவிட்டால் இரைப்பை விலகி, உள்ளே இருப்பது வயிற்றறைக்குள் கசியலாம். உயிருக்கே ஆபத்து, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 4 வாரம் தாண்டியிருந்தாலும் நிதானமாகப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். சில மணி நேரத்திலேயே துளை சுருங்கி மூடத் தொடங்கும். சுத்தமான துணியால் மூடி, வெளியே வந்த ட்யூப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். அளவு பார்க்க உதவும்.

சரி, டாக்டரே எடுக்கச் சொன்னால்? ரைல்ஸ் ட்யூப்பை நர்ஸ் மடித்துப் பிடித்து, மூச்சை அடக்கச் சொல்லிவிட்டு, ஒரே சீராக உருவுவார். ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் மூடினால் ஜூஸ் கீழே சொட்டாது இல்லையா, அதே லாஜிக்தான். மிச்சத் திரவம் தொண்டையில் சொட்டி மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடாது. பெக்கில் பலூன் வகை என்றால், உள்ளே இருக்கும் தண்ணீரை ஊசி போடாத சிரிஞ்சால் முழுக்க உறிஞ்சிய பிறகுதான் இழுப்பார்கள். இல்லாவிட்டால் ஊதிய பலூன் பாதையைக் கிழித்துவிடும். சில வகைகளை எண்டோஸ்கோப்பி மூலம்தான் எடுக்க வேண்டும்.

எடுத்தபின் துளை பெரும்பாலும் சில நாட்களில் மூடிவிடும். காய்ச்சல், சீழ், வயிற்று வலி, நிற்காத கசிவு, இதில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

எந்த மெஷினுக்கும் டேட்டாஷீட் கேட்கிறவங்க நாம. ட்யூப்பின் வகை, அளவு, போட்ட தேதி, மருத்துவமனை எண் — நாலையும் இன்றைக்கே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். அந்த ராத்திரியில் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.