மறதியின் வாசலில் – 11: விளக்கு வைக்கும் நேரம்

சென்ற இதழில், மறதி நோய் கண்ட என் அத்தை பின்னிரவு மூன்று மணிக்கு வாசற்கதவின் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு, முப்பத்து நான்கு ஆண்டுகள் தான் பாடம் சொல்லிக்கொடுத்த கும்பகோணத்துப் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில்தான் இருக்கிறது என்ற நிச்சயத்துடன், காலில் செருப்பும் இல்லாமல், லாரிகள் விரையும் நெடுஞ்சாலை வரையில் நடந்து சென்றுவிட்ட விருத்தாந்தத்தைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். பால் வண்டிக்காரர் ஒருவர் கண்டு, கையைப் பிடித்து ஓரத்தில் உட்கார வைத்திராவிட்டால் இந்தத் தொடரை எழுதும் மனம் எனக்கு இருந்திராது. அன்று பொழுது விடிந்தபோது, ஆறு வருஷங்களாக அத்தையைக் குளிப்பாட்டியும் தூக்கி உட்கார வைத்தும் முதுகுத்தண்டில் தீராத வலி கண்டுவிட்ட என் மனைவி, அதுவரையில் ஒரு முறையும் சொல்லாத சொல்லைச் சொன்னாள்: "இனிமே நம்மால முடியாதுங்க."

அத்தையை ஓர் இல்லத்தில் சேர்ப்பது என்ற முடிவைக் கேட்ட உறவினர் பெரும்பாலோர் அதை ஒரு துரோகமாகவே கருதினார்கள். "தாய் மாதிரி வளர்த்தவளைக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளப் போறியா?" என்று சித்தப்பா தொலைபேசியில் கேட்ட கேள்வி பல நாள் என் காதைவிட்டு அகலவில்லை. கைவிடுவது வேறு, தக்கவர் கையில் ஒப்படைப்பது வேறு என்பதை நம்முடைய சட்டமே உணர்ந்திருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் ஆகியோரின் நலனுக்காக 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் 24-வது பிரிவு, தம் பொறுப்பில் உள்ள முதியவரை அடியோடு கைவிடும் கருத்துடன் எங்கேனும் விட்டுச் செல்பவருக்கு மூன்று மாதம் வரை சிறைவாசமோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது. அதே சட்டத்தின் 19-வது பிரிவோ, மாவட்டத்துக்கு ஒன்றாவது முதியோர் இல்லம் மாநில அரசுகள் அமைக்கலாம் என்று சொல்கிறது. அல்சைமர் என்ற ஜெர்மானிய வைத்தியரின் பெயரால் இன்று வழங்கும் வியாதிக்கு முதல் சாட்சியாக நின்ற அகஸ்டெ டெட்டர் என்ற பெண்மணியை, 1901-ஆம் ஆண்டு, அவளுடைய ஐம்பத்தோராவது வயதில், ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் சேர்த்தவர், வீட்டில் வைத்துப் பார்க்க இயலாமற்போன அவளுடைய கணவரே. எங்களுக்கு முன்னும் இதே வாசலில் இதே மனச்சுமையுடன் ஒருவர் நின்றிருக்கிறார் என்ற நினைவு அந்த நாட்களில் எனக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது.

ஒரு மாத காலத்தில், சென்னையிலும் அதன் புறநகர்களிலுமாக ஏழு இல்லங்களைப் பார்த்தேன். முதலாவது இல்லத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காலை பதினொரு மணிக்குப் போனேன். கிரானைட் பதித்த கூடம். சக்கர நாற்காலி ஏறிச் செல்லச் சாய்தளம். குளியலறைச் சுவரெங்கும் பிடித்துக்கொள்ளக் கம்பி. முகச்சவரம் செய்து, தலைவாரி, நெற்றியில் திருநீறிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்த பெரியவர்கள். எந்தக் கேள்விக்கும் சிரித்த முகத்துடன் பதில் சொன்ன மேலாளர். முன்பணத்துக்கான படிவத்தையும் வாங்கிக்கொண்டு, தேடிய இடம் முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது என்ற திருப்தியுடன் வீடு திரும்பி, கண்டவற்றையெல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டிருந்த என் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அத்தைக்கு விளக்கு வைக்கிற நேரத்துலதானே படபடப்பு வரும்? அந்த நேரத்துல அங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. மறுநாள் மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, சொல்லாமல் போனேன். காவலாளி என்னை வாசலில் இருபது நிமிஷம் நிறுத்தி வைத்தார். உள்ளே விடப்பட்டபோது, காலையில் கண்ட அதே கூடத்தில் தொலைக்காட்சி உரக்கப் பேசிக்கொண்டிருக்க, அதன் எதிரே பதினொரு பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் தலை தொங்க உறங்கிக்கொண்டிருந்தார்கள். இராச் சாப்பாடு ஐந்தரைக்கே முடிந்துவிட்டதாம். பதினொருவருக்கும் சேர்த்து ஒரே பெண் இருந்தாள். அவளும் இளைத்துக் களைத்த நிலையில் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் இருந்த கிழவர் ஒருவரின் இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைக் கொடுத்து நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முடிச்சு பின்புறம் இருந்ததால் அவருக்கு எட்டவில்லை. எட்டாது என்பதை ஒவ்வொரு தடவையும் மறந்து மறுபடியும் கையை வளைத்துத் தேடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தம்பி, இதைக் கொஞ்சம் அவுத்து விடுப்பா, வீட்டுக்குப் போகணும்" என்றார். "விழுந்துடுவாரு சார், அதான்" என்றாள் அந்தப் பெண்.

டிமென்ஷியா என்னும் இந்த நோயில் பொழுது சாயும் வேளைக்கு ஒரு தனித்த இடம் உண்டு. பகலையும் இரவையும் உடலுக்கு உணர்த்துவதற்கென மூளையின் அடியில் அமைந்துள்ள சிறு உயிரணுத் தொகுதியையும் இந்நோய் பழுதாக்குவதாலும், நாள் முழுவதும் புரியாத உலகத்தைப் புரிந்துகொள்ள முயன்ற களைப்பு மாலைக்குள் மிகுந்துவிடுவதாலும், வெளிச்சம் மங்கி நிழல்கள் நீளும்போது கண்ட பொருள் காணாத உருவமாகத் தோன்றுவதாலும், காலையில் சாந்தமாக இருந்தவர் மாலையில் பதறுகிறார், அழுகிறார், அடிக்க வருகிறார், வீட்டிலேயே இருந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறார். எல்லாருக்கும் அப்படியல்ல, அத்தைக்கு அப்படித்தான். "ஏண்டா, மணி அடிச்சாச்சா? பிள்ளைகள் எல்லாம் வாசல்ல நிக்குமேடா" என்று தொடங்கினால் எட்டு மணி வரையில் ஓயாது. நான் பார்த்த இல்லங்கள் பலவற்றில் பகல் வேலைக்காரர் புறப்பட்டு இரவு வேலைக்காரர் வந்து சேரும் வேளையும் அதுவாகவே இருந்தது. ஆகவே, நோயாளிக்கு ஆள் அதிகமாகத் தேவைப்படும் நாழிகையும், இல்லத்தில் ஆள் குறைவாக உள்ள நாழிகையும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. துண்டும் தூக்க மாத்திரையும் அந்த இடைவெளியில்தான் வந்து நுழைகின்றன.

கட்டி வைப்பதைப் பற்றித் தமிழ்நாட்டில் வாழும் நாம் அலட்சியமாகப் பேச முடியாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதற்குக் கூறும் விளக்கத்திலேயே ஞாபக சக்தியின் பெருங்கோளாற்றையும் சேர்த்திருக்கிறது. எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதை முற்றாகத் தடுக்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவது, உடனடியாக நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியுடன், அவசியமான நேரத்துக்கு மட்டுமே என்கிறது. பணியாட்கள் போதாது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் செய்யலாகாது என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. இந்தக் கடைசி வாசகத்தைப் படித்தபோது, ஒரு பெண்ணும் பதினொரு நாற்காலிகளும் என் கண்முன் வந்து நின்றன.

துண்டாவது கண்ணுக்குத் தெரியும், மாத்திரை தெரியாது. சித்தப்பிரமைக்காக உண்டான மருந்துகளை டிமென்ஷியா கண்ட முதியோருக்குக் கொடுப்பதால் மரணம் சம்பவிக்கும் அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இலேயே எச்சரித்தது. இங்கிலாந்தில் பேராசிரியர் பானர்ஜி 2009-இல் அரசுக்கு அளித்த அறிக்கை, அந்நாட்டில் இம்மருந்துகளை உட்கொள்ளும் டிமென்ஷியா நோயாளர் சுமார் 1,80,000 பேர் என்றும், அதனால் ஆண்டுக்கு 1,800 மரணங்கள் கூடுதலாக நிகழ்கின்றன என்றும் மதிப்பிட்டது. சில சமயம் இம்மருந்துகள் தவிர்க்க முடியாதவையாக இருக்கலாம். அத்தைக்கே ஒரு முறை மூன்று வாரம் தேவைப்பட்டது. ஆயினும் எழுதிக்கொடுப்பவர் யார், எத்தனை நாளைக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்கிறார், மருந்துச் சீட்டின் நகல் நமக்குக் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு ஐந்து இல்லங்களில் எனக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு ஒரு கூடத்தில் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருந்தால், அதை அமைதி என்று எண்ணிவிடாதீர்கள்.

உணவு ஊட்டுவதையும் உட்கார்ந்து பார்த்தேன். ஓர் இல்லத்தில் ஒரே ஆயா மூவரை எதிரில் வைத்துக்கொண்டு, முதலாமவர் விழுங்குவதற்குள் மூன்றாமவர் வாய்க்குக் கரண்டியைக் கொண்டுபோனாள். நோய் முதிரும்போது விழுங்கும் சக்தியும் குன்றிவிடுவதால், அவசரமாக ஊட்டிய கவளம் புரையேறி நுரையீரலில் சென்று நிமோனியாவாக முடிவதுண்டு. படுக்கையில் விழுந்தவர்களை எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள் என்று கேட்பதோடு, தற்சமயம் படுக்கைப்புண் உள்ளவர் எத்தனை பேர் என்றும் கூசாமல் கேட்க வேண்டும். மேலே சொன்ன அகஸ்டெ டெட்டர் 1906-ஆம் ஆண்டு ஏப்ரலில் இறந்தது, மறதியால் அன்று. படுக்கைப்புண்ணிலிருந்து இரத்தத்தில் விஷம் பரவியதால்.

பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தை ஆங்கிலம் கற்பித்தவள். அவளிடமிருந்து முதலில் விடைபெற்றது அந்த ஆங்கிலமே. எஞ்சியிருப்பது சிறு பிராயத்துத் தஞ்சாவூர்த் தமிழ். ஒரு நல்ல இல்லத்தில், சுத்தத்திலோ கரிசனத்திலோ குறை சொல்ல முடியாத பெண்கள் நால்வர் இருந்தார்கள். நால்வரும் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், தமிழ் அறியாதவர்கள். அவர்கள்மேல் எனக்கு எள்ளளவும் குறையில்லை. பெற்ற பிள்ளைகளை ஊரில் விட்டு வந்து அந்நியரின் தாயாரைக் கழுவித் துடைப்பவர்களைக் கைகூப்பித்தான் வணங்க வேண்டும். எனினும், "தாகமாயிருக்கு" என்று அத்தை சொல்வதைப் புரிந்துகொள்ள அங்கே எவரும் இல்லை என்பதனால் அந்த இடத்தை விட்டேன். பணவிஷயத்தில், முன்பணம் திரும்புமா, டயப்பருக்கும் மருந்துக்கும் தனிக் கட்டணமா, ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்களுக்கும் வாங்குவார்களா என்பனவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாகிவிட்டால் அழைத்துப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏழாவதாகப் பார்த்த இல்லம் ஒரு பழைய வீடு. சுவரில் ஈரம் பூத்திருந்தது. குளியலறை வாசற்படி நான் விரும்பியதைவிட உயரம். முன்னறிவிப்பின்றி ஐந்தரைக்குப் போன என்னை ஒருவரும் தடுக்கவில்லை. இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே எல்லா விளக்குகளையும் ஏற்றி, நிழல் விழாதபடி திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு நான்கு ஆயாக்கள் இருந்தார்கள். வீட்டைச் சுற்றி ஓடிய தாழ்வாரத்தில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பதறிய ஒரு மூதாட்டியின் கையைக் கோத்துக்கொண்டு, "பஸ் இல்லை" என்று மறுக்காமலும் "இதோ வருகிறது" என்று பொய் சொல்லாமலும், "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டபடி ஓர் ஆயா நான்கு சுற்று நடந்தாள், ஐந்தாவது சுற்றில் மூதாட்டி பஸ்ஸை மறந்து தன் ஊர்த் தேரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். போன மாதம் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டதை, நான் கேட்காமலே தலைமை நர்ஸ் சொன்னார். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்றதற்கு, "ரெண்டு பேர் சார், மூணு பேர் இருந்தா நல்லாயிருக்கும்" என்றார்.

பிறகு அவர் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். மற்ற ஆறு இல்லங்களிலும் நான் கேட்டேன், அவர்கள் பதில் சொன்னார்கள்; இங்கே ஒரு மணி நேரம் நான் பதில் சொன்னேன். எத்தனை மணிக்கு எழுந்திருப்பாங்க? எந்தப் பக்கம் சாய்ஞ்சு படுப்பாங்க? காபி டம்ளர்லயா, டபராவோடயா? என்ன சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாங்க? "டீச்சர்" என்றேன், எழுதிக்கொண்டார். "பயந்தா யாரைக் கூப்பிடுவாங்க சார்?" என்று கேட்டபோது எனக்குச் சட்டென்று குரல் எழவில்லை. அத்தை பயந்தால் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய அண்ணாவாகிய என் தகப்பனார் காலமாகி இருபத்திரண்டு வருஷங்கள் ஆகின்றன. அதையும் எழுதிக்கொண்டார். அங்கேயே அத்தையைச் சேர்ப்பது என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீர்மானித்தேன்.

அத்தை அங்கே போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. சேர்த்த முதல் இரவைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். முதல் இல்லத்தில் துண்டால் கட்டப்பட்டிருந்த அந்தக் கிழவரின் முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அத்தைக்கு அந்த இடம் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு, என் காரியம் முடிந்ததென்று பஸ் ஏறிவிட்டேன். முதியோருக்கு இழைக்கப்படும் துன்பங்களைத் தெரிவிக்க 14567 என்ற இலவசத் தொலைபேசி எண் நாடு முழுவதற்குமாக இருக்கிறது. அது எனக்கு அன்றே தெரியும், இருந்தும் அழைக்கவில்லை. வாசகர்களே, விளக்கு வைக்கும் நேரத்தில் நீங்கள் போகும் எந்த இல்லத்திலாவது அப்படியொருவரைக் கண்டால், உங்கள் உறவினரை அங்கே சேர்க்கப் போவதில்லை என்றாலும், தயவுசெய்து அழையுங்கள்.

(தொடரும்)