சேலத்தில் ஆபீஸ் வேலையா தங்குறீங்களா? ஹோட்டல் பில்லில் 5% எப்போ, 18% எப்போ? முழு விவரம்

காலை 8 மணி. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு செயின் ஹோட்டல். கையில் பேக், வாசலில் டாக்ஸி, 9 மணிக்கு மீட்டிங். ரிசப்ஷனில் பில்லை நீட்டுகிறார்கள். கார்டைத் தேய்த்துவிட்டு, பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறோம். ஊருக்குப் போய் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கொடுத்தால், "சார், இதுல கம்பெனி ஜிஎஸ்டி நம்பரே இல்லையே… லிமிட்டையும் தாண்டியிருக்கு, மீதியை நீங்கதான் போடணும்" என்று பதில் வருகிறது.

இது பலருக்கும் நடப்பதுதான். உருக்காலை, ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு, ஜவுளி என்று சேலத்துக்குத் தொழில் நிமித்தமாக வருபவர்கள் ஏராளம். இதே சேலத்தின் அடிவாரத்தில்தான் ஏற்காடு மலைப்பாதையும் தொடங்குகிறது. அதனால் ஆபீஸ் வேலைக்கு வருபவரும் சுற்றுலா வருபவரும் ஒரே ஹோட்டல் அறைகளுக்குப் போட்டி போடுகிறார்கள். வாடகை ஏறி இறங்கும்போது வரியும் சேர்ந்து மாறுகிறது.

பில்லில் எதற்கு எவ்வளவு வரி? உங்கள் கையில் இருந்து பணம் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? பார்ப்போம்.

ரூம் வாடகைக்கு இப்போ எவ்வளவு ஜிஎஸ்டி?

2025 செப்டம்பர் 3-ம் தேதி நடந்த 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் ஹோட்டல் அறைகளுக்கான வரி மாற்றப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இது அமலில் உள்ளது.

- ஒரு அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை: 5%
- 7,500 ரூபாய்க்கு மேல்: 18%

இதற்கு முன்பு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12% வரி இருந்தது. ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் வரை வாடகை உள்ள சாதாரண லாட்ஜ் அறைகளுக்கு ஒரு காலத்தில் வரியே கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அவையும் 12 சதவீதத்துக்குள் வந்தன. இப்போது அவற்றுக்கும் 5% தான்.

உதாரணமாக, 4,500 ரூபாய் அறைக்கு முன்பு 540 ரூபாய் வரி. இப்போது 225 ரூபாய்.

ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சின்ன லாட்ஜ்கள் பொதுவாக ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படிப் பதிவு செய்யாத லாட்ஜ் உங்களிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. பில்லில் ஜிஎஸ்டி போட்டிருந்தால், அந்த லாட்ஜின் ஜிஎஸ்டி எண்ணும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

100 ரூபாய் கூடினால் 1,093 ரூபாய் கூடுமா?

கூடும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் கம்பெனி ஒரு நாள் தங்குவதற்கு, வரியோடு சேர்த்து 8,000 ரூபாய் வரை தருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

- அறை வாடகை 7,500 ரூபாய்: வரி 375 ரூபாய். மொத்தம் 7,875 ரூபாய். லிமிட்டுக்குள் வந்துவிடும்.
- அறை வாடகை 7,600 ரூபாய்: வரி 1,368 ரூபாய். மொத்தம் 8,968 ரூபாய். லிமிட்டைத் தாண்டி 968 ரூபாய்.

வாடகையில் வித்தியாசம் வெறும் 100 ரூபாய். பில்லில் வித்தியாசம் 1,093 ரூபாய்! 7,500-ஐத் தாண்டியதும், தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லாமல் முழு வாடகைக்கும் 18% விழுவதுதான் காரணம்.

போர்டில் எழுதியிருக்கும் ரேட்டை வைத்து வரி போடுவதில்லை. உங்களிடம் உண்மையில் வாங்கும் வாடகையை வைத்துத்தான் வரி. போர்டில் 9,000 ரூபாய் என்று இருந்தாலும், தள்ளுபடி போக 7,200 ரூபாய்தான் வாங்குகிறார்கள் என்றால் 5% தான்.

அதே ரூம், வியாழன் 5%, சனிக்கிழமை 18%… எப்படி?

செயின் ஹோட்டல்களில் ரூம் ரேட் தினமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தேவை கூடினால் ரேட்டும் கூடும். சேலத்தில் அந்தத் தேவையைக் கூட்டுவதில் ஏற்காட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

வார இறுதி, மே மாத கோடை விழா, தொடர் விடுமுறை என்றால் மலை மேல் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். இடம் கிடைக்காதவர்களும், 20 கொண்டை ஊசி வளைவுகளை இரவில் ஏறத் தயங்குபவர்களும் கீழேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவார்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் மலைப்பாதை பாதிக்கப்பட்டாலும் இதே நிலைதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது அப்படி நடந்தது.

எனவே வியாழக்கிழமை 6,800 ரூபாய்க்குக் கிடைத்த அறை, சனிக்கிழமை 7,800 ரூபாய் ஆகலாம். வரி ஒவ்வொரு நாள் வாடகைக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படும். ஒரே அறையில் மூன்று இரவு தங்கினாலும் இரண்டு நாளுக்கு 5%, ஒரு நாளுக்கு 18% என்று பில் வர வாய்ப்பு உண்டு.

புக் செய்யும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு நாளுக்கும் என்ன ரேட் என்று பாருங்கள். 7,500-ஐ ஒட்டி வந்தால், "வரி இல்லாம 7,500-க்குள்ள தர முடியுமா?" என்று ஹோட்டலுக்கு போன் போட்டுக் கேட்பதில் தப்பே இல்லை.

ரூமுக்கு 5%, சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் 18%?

பில்லில் பலரையும் குழப்புவது இந்த இடம்தான்.

வெளியில் இருக்கும் சாதாரண ரெஸ்டாரண்ட்டில் சாப்பிட்டால் 5% ஜிஎஸ்டி. ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்ட்டில் எவ்வளவு என்பதை உங்கள் அறையின் வாடகை முடிவு செய்வதில்லை. அந்த ஹோட்டலே முடிவு செய்கிறது.

2025 ஏப்ரல் 1 முதல் உள்ள விதி இது: முந்தைய நிதியாண்டில் அந்த ஹோட்டலில் ஏதாவது ஒரு அறை ஒரு நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் விற்கப்பட்டிருந்தால், அங்கே பரிமாறும் உணவுக்கு 18%. 7,500-ஐத் தாண்டாத ஹோட்டலும் விரும்பினால், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு 18 சதவீதத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

அதாவது, நீங்கள் 4,500 ரூபாய் அறையில் இருக்கிறீர்கள். போன வருஷம் அதே ஹோட்டலில் யாரோ ஒருவர் பெரிய சூட் அறையை 9,000 ரூபாய்க்கு எடுத்திருக்கிறார். இப்போது உங்கள் அறைக்கு 5%, உங்கள் தோசைக்கு 18%! 800 ரூபாய் இரவுச் சாப்பாட்டுக்கு 40 ரூபாய்க்குப் பதில் 144 ரூபாய் வரி.

அப்போ என்ன செய்வது? ஆர்டர் செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: "இங்க சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி அஞ்சா, பதினெட்டா?" பதினெட்டு என்றால், நடக்கும் தூரத்திலேயே 5% வரியில் சாப்பாடு கிடைக்கும். சாயங்காலம் ரோட்டோரம் தட்டுவடை செட் சாப்பிட்டால் பில்லே கிடையாது.

காலை உணவு அறை வாடகையோடு சேர்ந்த பேக்கேஜ் என்றால், பொதுவாக மொத்தத் தொகைக்கும் அறைக்கான வரி விகிதம்தான். தினமும் காலையில் அங்கேயே சாப்பிடுபவர்களுக்கு இது லாபமாக இருக்கலாம். ஆனால் உணவோடு சேர்த்த தொகை 7,500-ஐத் தாண்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் சார்ஜ் கட்டித்தான் ஆகணுமா?

கட்டாயம் இல்லை. சர்வீஸ் சார்ஜ் என்பது அரசு வரி கிடையாது.

பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ம் தேதி வழிகாட்டுதல் வெளியிட்டது. இதை எதிர்த்து ஹோட்டல், ரெஸ்டாரண்ட் சங்கங்கள் தொடர்ந்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ம் தேதி தள்ளுபடி செய்தது. இந்தத் தீர்ப்பை எதிர்த்து சங்கங்கள் மேல்முறையீடும் செய்துள்ளன.

பில்லில் அப்படி ஒரு வரி இருந்தால், "இதை எடுத்துடுங்க" என்று கேட்கலாம். டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம்.

20 ரூபாய் தண்ணி பாட்டிலுக்கு 60 ரூபாயா? கேட்கக் கூடாதா?

கேட்கலாம். ஆனால் சட்டம் ஹோட்டல் பக்கம் இருக்கிறது. ஹோட்டல், ரெஸ்டாரண்ட்டுகள் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பி விலைக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வெறும் பாட்டிலை மட்டும் இல்லாமல், உட்காரும் இடம், பரிமாறுதல் என்று சேவையையும் சேர்த்தே விற்கிறார்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை.

அதனால் அறையில் 'இலவசம்' என்று வைத்திருக்கும் பாட்டில் எது, மினி பாரில் காசுக்கு உள்ளது எது என்று பார்த்துவிட்டுத் திறங்க.

கம்பெனி ஜிஎஸ்டி நம்பர் எதுக்கு? அதனால யாருக்கு என்ன லாபம்?

ஆபீஸ் வேலையாகத் தங்கினால், ஹோட்டலுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கம்பெனி தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும். இதற்குப் பெயர் இன்புட் டாக்ஸ் கிரெடிட். பில்லில் கம்பெனியின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால்தான் இது நடக்கும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹோட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநில வரிதான் போடப்படும். சேலம் ஹோட்டல் என்றால் மத்திய ஜிஎஸ்டி பாதி, தமிழ்நாடு ஜிஎஸ்டி பாதி. 5% பில்லில் 2.5 + 2.5 என்றும், 18% பில்லில் 9 + 9 என்றும் இருக்கும்.

- கம்பெனிக்குத் தமிழ்நாட்டில் பதிவு இருந்தால் (எண் 33-ல் தொடங்கும்): கிரெடிட் எடுக்கலாம்.
- பெங்களூருவில் மட்டும் பதிவு இருந்தால் (எண் 29-ல் தொடங்கும்): சேலம் ஹோட்டல் பில்லுக்குக் கிரெடிட் கிடைக்காது.

இரண்டு மாநிலத்திலும் அலுவலகம் உள்ள கம்பெனி என்றால், சேலம் வரும்போது 33-ல் தொடங்கும் எண்ணைக் கொடுக்க வேண்டும். பெங்களூருவில் இருந்து வருபவர்கள் பழக்கத்தில் 29 எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். அக்கவுண்ட்ஸில் பில் திரும்பி வர இதுவும் ஒரு காரணம்.

"5 சதவீத அறைக்கு கிரெடிட் கிடையாதுன்னு சொல்றாங்களே?" என்ற குழப்பமும் உண்டு. அந்தத் தடை ஹோட்டலுக்குத்தான். ஹோட்டல் தான் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. தங்கும் நபரின் கம்பெனிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் தனியாகச் சாப்பிட்ட உணவு பில்லுக்குக் கம்பெனி பொதுவாகக் கிரெடிட் எடுக்க முடியாது.

வேலை முடிஞ்சு அப்படியே ஏற்காடு போனா?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. அடிவாரம் வரை வந்துவிட்டோம், சனி, ஞாயிறு மலையில் இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றுவது இயல்புதான். போய் வாருங்கள். பில்லை மட்டும் கலக்காதீர்கள்.

சொந்தச் செலவில் தங்கும் நாட்களுக்குத் தனி புக்கிங், தனி பில், உங்கள் பெயரில். அந்த பில்லில் கம்பெனி ஜிஎஸ்டி எண்ணைப் போடக் கூடாது. சொந்தச் செலவுக்குக் கம்பெனி வரிக் கிரெடிட் எடுத்தால் அது தவறு. பின்னால் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்களாகவும் இருக்கலாம்.

செக்-அவுட்டுக்கு முன் 6 விஷயம்

1. புக்கிங்கிலும் செக்-இன் போதும் சரியான மாநிலத்தின் கம்பெனி ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். ஆப் மூலம் புக் செய்திருந்தாலும், அறைக்கான பில்லை ஹோட்டலிலும் கேட்டு வாங்குங்கள்.
2. முந்தின நாள் இரவே பில்லின் நகலைக் கேளுங்கள். காலை அவசரத்தில் திருத்துவது கஷ்டம். ஊருக்குப் போன பிறகு திருத்துவது அதைவிடக் கஷ்டம்.
3. ஒவ்வொரு நாள் வாடகையும் அதற்கான வரியும் சரியா என்று பாருங்கள். 7,500-க்குள் இருந்தும் 12% போட்டிருந்தால் அது பழைய விகிதம்.
4. அறை, உணவு, மற்ற செலவுகள் தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். மதுபானம் ஜிஎஸ்டிக்குள் வராது, பல கம்பெனிகள் அதற்குப் பணமும் தராது. அதைத் தனி பில்லாக வாங்கிவிடுவது நல்லது.
5. பெரிய தொகையை ரொக்கமாகக் கட்டாதீர்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை, வருமான வரிக் கணக்கில் கம்பெனி பொதுவாகச் செலவாகக் காட்ட முடியாது.
6. அடையாளத்துக்கு ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதையாவது கொடுக்கலாம். ஆதார்தான் கையில் இருக்கிறது என்றால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள்.

தப்பா வசூல் செஞ்சா எங்கே புகார்?

முதலில் ஹோட்டல் மேனேஜரிடம் பேசுங்கள். பல நேரம் கம்ப்யூட்டரில் பழைய விகிதம் மாறாமல் இருந்திருக்கும், அங்கேயே திருத்தித் தருவார்கள். ஒத்துவரவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். சர்வீஸ் சார்ஜ், ஜிஎஸ்டி இரண்டுக்கும் அங்கே புகார் செய்யலாம். பில்லின் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் மனதில் வைக்க வேண்டியவை மூன்று: அறைக்கு 7,500 என்ற கோடு, சாப்பாட்டுக்கு ஹோட்டலைப் பொறுத்து 5 அல்லது 18, பில்லில் சரியான ஜிஎஸ்டி எண். கிளம்பும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பார்த்துவிட்டால், ஊருக்குப் போன பிறகு அக்கவுண்ட்ஸ் பிரிவில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.