மணநாளுக்கு முன்னரே

நிக்காஹ் நிச்சயமானதும் விருந்தைப் பற்றி இரவு பகலாக ஆலோசிக்கின்றோம். மணமகளின் உடல்நலத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

கருவின் மூளையும் முண்ணாணும் உருவாகும் நரம்புக் குழாய், கருவுற்று ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிவிடுகின்றது. தாம் கர்ப்பமுற்றிருப்பதைப் பல பெண்கள் அறியும் முன்னரே அது நிகழ்ந்து முடிந்துவிடும். ஆகவேதான் போலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்க முன்பிருந்தே உட்கொள்ளும்படி கூறுகின்றார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம்.

இதனைச் சொல்லித்தரவே குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகின்றார். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவுடன் வேரூன்றிய சேவை இது. அவரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடாதீர்கள். கணவனும் உடன் அமர்ந்து கேட்கட்டும். "இது பெண்கள் விடயம்" என்று அவனை எழுப்பிவிடும் மாமிமார் சற்றுப் பொறுத்தருள்க!

தலசீமியாப் பரிசோதனையோ இருவருக்கும் உரியது. இருவருமே அதன் காவிகளாயின், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் நோய் ஏற்பட நான்கிலொரு வாய்ப்புண்டு. சொந்தத்துக்குள் மணம் பேசுவோர், நாள் குறிக்க முன்னரே இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.